பதினோரு பேருக்குச் சொன்ன ஹெர்னியா

டிங்கருக்குக் கண் ரெண்டாம்பட்சம், கைதான் முதல். விபத்தில் நசுங்கி வந்த கார்க் கதவைத் தட்டி நிமிர்த்தி, பள்ளத்தைப் பட்டி பூசி நிரப்பி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பிறகு, கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் ஒரு ஓட்டு ஓட்டுவான். யார் கண்ணுக்கும் தெரியாத மேடு அவன் கைக்குத் தெரியும். "இங்க நிக்குது" என்று விரலை ஊன்றிவிட்டால் அங்கே நிற்கிறது என்று அர்த்தம். பட்டறையில் அவனோடு கூட்டுச் சேர்ந்து பெயின்ட் அடிக்கும் மச்சான்கூட, அவன் கை ஓடி முடித்த பிறகுதான் ஸ்ப்ரே துப்பாக்கியைத் தொடுவார்.

அப்பேர்ப்பட்ட கை ஒரு செவ்வாய்க்கிழமை காலை, குளியலறையில் சோப்புப் போடும்போது, சொந்த உடம்பிலேயே ஓரிடத்தில் நின்றது. இடது விதையின் கீழ்ப்பக்கம், பட்டாணி அளவுக்கு ஒரு மேடு. கல் மாதிரி கெட்டி. அழுத்திப் பார்த்தான், வலிக்கவில்லை. வலப்பக்கத்தைப் பார்த்தான், வழவழவென்று இருந்தது. மறுபடியும் இடப்பக்கத்துக்கு வந்தான். சந்தேகமே இல்லை, நிற்கிறது.

வேறு யாராவது என்றால் பயந்து டாக்டரிடம் ஓடியிருப்பார்கள், எனக்கும் இந்தக் கதையைச் சொல்லும் வேலை இருந்திருக்காது. நம்ம ஆள் பயப்படவில்லை. அவனுக்குத்தான் தொழில் தெரியுமே. காரில் பெயின்டுக்கு அடியில் மேடு தட்டினால் காரணம் ரெண்டே ரெண்டு. கொப்புளம் மாதிரி மெத்தென்று இருந்தால் துரு. அது பரவும், அன்றைக்கே வெட்டி எடுக்க வேண்டும். கெட்டியாக இருந்தால் பழைய பட்டி. எப்போதோ அடிபட்ட இடத்தை எவனோ நிரப்பிவிட்டுப் போனது. அது பாட்டுக்கு இருக்கும், வண்டியின் ஆயுசுக்கும் ஒன்றும் செய்யாது. இது கெட்டி, ஆகவே பட்டி. அடி எப்போது பட்டது என்பதையும் யோசித்துக் கண்டுபிடித்துவிட்டான். ஒன்பதாம் வகுப்பில் பந்து பட்டு மைதானத்தில் சுருண்டு கிடந்தானே, அதுதான். இருபது வருஷத்துக்கு முந்தைய அடிக்கு உடம்பே பட்டி பார்த்துக்கொண்டது என்று தீர்ப்பு எழுதிவிட்டு, துண்டைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தான். இந்த அறிவை எங்கே கொண்டுபோய் வைப்பது, நீங்களே சொல்லுங்கள்.

யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்க ரெண்டு பேர்தான் இருந்தார்கள், ரெண்டு பேருமே ஆகாது. ஒன்று, மனைவி. அவள் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். இருநூறு பிள்ளைகளை மைதானத்தின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குக் குரலாலேயே நகர்த்துகிறவள். அவள் காதோடு ரகசியம் சொன்னால் மாடி வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து "என்னம்மா கூப்பிட்டியா?" என்பார். இன்னொன்று, மச்சான். அவளுடைய அண்ணன். தங்கையைக் கட்டிக்கொடுப்பதற்கு முன்பிருந்தே கூட்டாளி என்பதால், மாப்பிள்ளை மரியாதையெல்லாம் 'மாப்ளே' என்ற சொல்லோடு சரி. ஆனால் மனிதர் காரின் நிறத்தைத் தவிர வேறு விஷயம் பேசி யாரும் கேட்டதில்லை. பெண்டாட்டியின் அண்ணனிடம் போய் இந்தச் சமாச்சாரத்தை எந்த வாயால் சொல்வது?

ஆக ரெண்டு மாசம் போயிற்று. பட்டாணி கோலிக்குண்டாயிற்று. பட்டி வளராது என்பது அவனுக்கும் தெரியும். வெயில் காலம், கொஞ்சம் விரிந்திருக்கும் என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தான்.

ஒரு சனிக்கிழமை காலை மொட்டைமாடியிலிருந்து படி இறங்கி வந்தவனை டீச்சர் நிறுத்தினாள்.

"நில்லுங்க. திரும்பிப் போய், மறுபடி நடந்து வாங்க."

நடந்து வந்தான்.

"இடது காலை அகட்டி வைக்கிறீங்க. இடுப்பா, முட்டியா?"

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் பாரமா இருக்கு."

"எங்க பாரமா இருக்கு?"

அவன் வாயால் சொல்லவில்லை. கண்ணால் கீழே ஒரு தடவை பார்த்தான்.

"அங்க கட்டியா?" என்றாள் டீச்சர். மாடியில் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் மோட்டார் டக்கென்று நின்றது.

பட்டிக் கதையைத் தொடக்கத்திலிருந்து சொன்னான். துரு, பட்டி, ஒன்பதாம் வகுப்பு, வெயில் காலம், ஒன்றையும் விடவில்லை. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"பட்டறையில ஒருத்தர் செஞ்ச வேலையை அவரே பாஸ் பண்ணலாமா?"

"கூடாது. நான் தடவிப் பாத்தாலும் இன்னொருத்தர் கை வெச்சுப் பாக்கணும்."

"யாரு போட்ட சட்டம்?"

"நான் போட்டதுதான்."

"அப்ப இதை மட்டும் யாரு பாஸ் பண்ணது? சட்டையை மாட்டுங்க, கிளம்பலாம்."

டாக்டருக்குத் தலையில் முடியில்லை, முகத்தில் அவசரமில்லை. சோதித்துப் பார்த்தார், பட்டிக் கதையையும் முழுசாகக் கேட்டார். கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"உங்க தொழில்ல எப்படியோ தெரியாது, இங்க எல்லாம் தலைகீழ். வலிச்சு, சிவந்து, வீங்கி வந்தா பெரும்பாலும் கிருமித் தொற்றா இருக்கும், மருந்து குடுத்தா போயிடும். கெட்டியா, வலிக்காம, சாது மாதிரி உக்காந்திருக்கு பாருங்க, அதைத்தான் நாங்க நம்பறதில்ல."

அன்றைக்கே ஸ்கேன் எடுத்தார்கள். ஸ்கேன் அறையில் ஒரு சின்னப் பெண், ஐஸ் மாதிரி ஜெல்லைத் தடவிக் கருவியை உருட்டினாள். அவன் வெட்கத்தில் கூரையில் ஓடும் வயர்களை எண்ணிக்கொண்டிருந்தான். அவளோ அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அவன் எத்தனை கார்க் கதவைப் பார்த்திருப்பானோ, அவள் அத்தனை பார்த்திருப்பாள். பிறகு ரத்தம் எடுத்தார்கள். திங்கட்கிழமை டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டிவைத்துச் சொன்னார்.

"கேன்சர்னுதான் தோணுது. ஊசி குத்திச் சதை எடுத்துப் பாக்கற வேலை இதுல கிடையாது, பரவிடலாம். விதையை முழுசா எடுத்து அதைத்தான் சோதனைக்கு அனுப்புவோம். இந்த வாரமே பண்ணிடலாம்."

டிங்கருக்குக் காது அடைத்துவிட்டது. வயது முப்பத்து மூன்று. பீடி இல்லை, சிகரெட் இல்லை, பெயின்ட் வாசனைகூட மச்சான் பக்கம்தான். அழுகை வந்தது, அழுதான். டீச்சர் அவன் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் ரத்தம் ஓடாமல் விரல் வெளுத்தது.

"இது வாலிப வயசுலதான் அதிகம் வரும், பதினஞ்சுலேருந்து நாப்பது வரைக்கும்" என்றார் டாக்டர். "ஆனா ஒண்ணு சொல்றேன், கேன்சர்லயே நல்லாக் குணமாகற கேன்சர் இதுதான். சீக்கிரம் வந்துட்டா கிட்டத்தட்ட எல்லாருமே எழுந்து வேலைக்குப் போயிடறாங்க."

"குழந்தை பொறக்குமா?" என்று டீச்சர் கேட்டது, வெளியே காத்திருந்த பதினைந்து பேருக்கும் கேட்டது.

"ஒண்ணு இருந்தாலே போதும்மா. இருந்தாலும் ஆபரேஷனுக்கு முன்னாடி விந்தைச் சேமிச்சு வெச்சுக்குங்க. எதுக்கும் நல்லது."

அந்தச் சேமிப்பு நடந்த விதத்தை அவன் இன்றுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. ஒரு சின்ன அறை. சுவரில் அருவிப் படம் போட்ட காலண்டர், அதுவும் போன வருஷத்தது. ரெண்டு தடவை நர்ஸ் கதவைத் தட்டி "சார், ஆச்சா?" என்றாள். மூன்றாவது தடவை நர்ஸ் தட்டவில்லை. நீண்ட வராந்தா முழுக்க எதிரொலிக்க, ஓட்டப் பந்தயத்தில் கடைசியாக வருகிறவனைத் தேற்றும் அதே குரல் கேட்டது. "அவசரமில்லைங்க. நிதானமா. உங்களால முடியும்." அவன் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அதற்குப் பிறகு அரைமணி நேரம் கூடுதலாகப் பிடித்தது.

செயற்கை விதை ஒன்று வைத்துக்கொள்கிறீர்களா என்றும் கேட்டார்கள். வலமும் இடமும் ஒத்துப்போகாத வண்டியை வெளியே விடாதவன் அல்லவா, ஆசையாக மாதிரியை வாங்கிக் கண்ணை மூடிக் கட்டைவிரலால் உருட்டிப் பார்த்தான். திருப்பிக் கொடுத்துவிட்டான்.

"வேண்டாம் டாக்டர். ஒரிஜினல் பார்ட் இல்லேன்னா நான் எந்த வண்டிக்கும் மாட்டறதில்ல."

இத்தனைக்கும் நடுவில் டாக்டர் போகிற போக்கில் ஒரு வார்த்தை சொன்னார். "கீழ வெட்ட மாட்டோம், தொடை இடுக்குக்கு மேல வெட்டித்தான் எடுப்போம். பாக்க ஹெர்னியா ஆபரேஷன் தழும்பு மாதிரியே இருக்கும்." டிங்கர் நிமிர்ந்து உட்கார்ந்தான். மூன்று நாளாக அவன் தேடிக்கொண்டிருந்தது உயிர் பிழைக்கும் வழியை அல்ல, ஊருக்குச் சொல்ல ஒரு காரணத்தை.

"எல்லார்கிட்டயும் ஹெர்னியான்னு சொல்லிடலாம்" என்றான் வராந்தாவில்.

"எங்க அண்ணன்கிட்டயுமா?"

"முக்கியமா அவர்கிட்ட."

"ஒளிக்கிறதுக்கு இதுல என்ன இருக்கு?"

"ஒண்ணை எடுத்துட்டாங்கன்னு தெரிஞ்சா நாளைக்குப் பட்டறையில என்னை ஆம்பளையா மதிப்பாங்களா? உனக்குப் புரியாது, விடு."

அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் ஆபரேஷனுக்குப் போகிறவன் கேட்கிறானே என்று ஒத்துக்கொண்டாள். வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். 'ஹெர்னியா' என்ற சொல்லை மட்டும் வழக்கமான சத்தத்தைவிடச் சத்தமாகச் சொன்னாள். தெருவில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று, டிங்கருக்கு ஹெர்னியா.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. சோதனை முடிவும் வந்தது. கேன்சர்தான், ஆனால் விதையை விட்டு வெளியே போகவில்லை. மருந்துகூட வேண்டாம், மூன்று மாசத்துக்கு ஒருதரம் ரத்தம், ஸ்கேன் என்று கண்காணித்தால் போதும் என்றார்கள். மூன்றாவது வாரம் பட்டறைக்குத் திரும்பினான். மச்சான் அவன் பக்கம் இருந்த கார்க் கதவைத் தானே தூக்கி ஸ்டாண்டில் வைத்தார்.

"நீ தூக்காதே" என்றார். அன்று முழுக்க அவர் பேசியது அவ்வளவுதான்.

இதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஆனால் ஊரில் ஒருத்தன் ஒரு ஆபரேஷன் செய்துகொண்டால் அதற்கு அவன்தானே அத்தாரிட்டி. கார் சீட் தைக்கிறவர் முதலில் வந்தார். வந்து டீ வாங்கிக் கொடுத்து, அக்கம்பக்கம் பார்த்து, "எனக்கும் கொஞ்சம் வீக்கம் மாதிரி" என்று இடுப்புக்கும் முட்டிக்கும் நடுவே கையைக் காற்றில் ஒரு சுற்றுச் சுற்றினார். எந்த இடம் என்று அவரும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. ஆம்பளைகள் அல்லவா.

"வலி இருக்காண்ணே?"

"இல்லப்பா."

"அப்ப ஏன் பயப்படறீங்க? ஹெர்னியாவா இருக்கும். அவசரமே இல்ல. கையில இருக்கற வேலையை முடிச்சுட்டுப் போங்க. ஒரு வாரத்துல எழுந்து உக்காந்துடலாம், என்னைப் பாருங்க."

சொல்லிவிட்டு வயிற்றைத் தட்டிக் காட்டினான். சீட் தைக்கிறவர் முகம் தெளிந்து போனார். அடுத்து எலக்ட்ரீஷியன் வந்தார். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர், லாரி டிரைவர்கள் ரெண்டு பேர், டீக்கடைக்காரரின் தம்பி என்று வரிசை நீண்டது. எல்லோரும் காற்றில் ஒரே மாதிரி சுற்றுச் சுற்றினார்கள். எல்லோருக்கும் அதே வைத்தியம்தான். தனக்கு வராத நோய்க்கு, தான் படிக்காத படிப்பைப் படித்தவன் மாதிரி யோசனை சொன்னான். வலிக்காத கட்டியால் சாவின் வாசல்வரை போய்வந்தவன், ஊருக்கெல்லாம் வலி இல்லையென்றால் அவசரமில்லை என்றான். அவனைப் பிடித்து உலுக்க எனக்கே கை துறுதுறுக்கிறது.

"என்னங்க, டாக்டர் வேலை பாக்கறீங்களாமே" என்றாள் டீச்சர் ஒருநாள்.

"ஹெர்னியாதானே. அதுல என்ன வந்துடப் போகுது?"

ஏழு மாசம் ஆயிற்று. ஒருநாள் பிற்பகல், ஒரு நீல நிறக் கார் பெயின்டுக்குத் தயாராக நின்றது. மச்சான் குவளையில் பெயின்டைக் குச்சியால் கலக்கிக்கொண்டிருந்தார். முதுகை ஒரு மாதிரி பிடித்துக்கொண்டு நின்றார்.

"மாப்ளே."

"சொல்லுங்க மச்சான்."

"எனக்கும் உன்னோடதுதான்."

"என்னோடது எது?"

"ஹெர்னியா."

டிங்கர் சிரித்தான். வழக்கமான கேள்வியைக் கேட்டான். "எத்தனை நாளா?"

"நீ ஆபரேஷன் முடிஞ்சு வந்தியே, அந்த வாரத்துலேருந்து."

"வயித்துலயா, இடுப்புலயா?"

மச்சான் அவனைப் பார்க்கவில்லை. பெயின்ட் சொட்டும் குச்சியால் தன்னைத்தானே சுட்டிக் காட்டினார். அவர் காற்றில் சுற்றவில்லை. நிறம் கலக்குகிறவர், எதையும் துல்லியமாகக் காட்டித்தான் பழக்கம். "விதையிலயே. வலது பக்கம். கெட்டியா இருக்கு. வலியே இல்ல. நீதான் சீட் தைக்கிறவர்கிட்ட சொன்னியே, வலி இல்லேன்னா அவசரமில்லைன்னு. நானும் பக்கத்துல நின்னு கேட்டுட்டுத்தான் இருந்தேன். வரிசையில நிக்கற வண்டியெல்லாம் முடிச்சுட்டுப் போலாம்னு இருந்தேன். இப்ப பத்து நாளா முதுகுதான் வலிக்குது."

டிங்கர் எழுந்துபோய்க் கம்ப்ரஸரை நிறுத்தினான்.

"மச்சான், எனக்கு ஹெர்னியா இல்ல."

சொன்னான். குளியலறையிலிருந்து ஆரம்பித்து, பட்டி, ஸ்கேன், டப்பா, எடுத்தது, எடுத்ததை மறைத்தது என்று எல்லாவற்றையும் சொன்னான். பேண்ட்டைச் சற்று இறக்கித் தழும்பையும் காட்டினான். மச்சான் குச்சியைக் குவளைக்குள் வைத்துவிட்டு நின்றார். பெயின்ட் மேலே ஏடு படிய ஆரம்பித்தது. பெயின்ட் வீணாவதை அவர் பார்த்துக்கொண்டு சும்மா நின்றது அதுதான் முதல் தடவை.

"ஏழு மாசம் உன் பக்கத்துலயே நின்னேன் மாப்ளே" என்றார் கடைசியில். "உன் கதவையெல்லாம் நான்தான் தூக்கினேன். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

அதே டாக்டர், அதே ஜெல், அதே சின்னப் பெண். இந்தத் தடவை டாக்டர் படத்தைப் பார்க்க அதிக நேரம் எடுத்துக்கொண்டார். கட்டி விதையோடு நிற்கவில்லை. வயிற்றுக்குள் முதுகுப் பக்கமாக நெறிகட்டியிருந்தது, அதனால்தான் முதுகுவலி.

"ஆபரேஷன் பண்ணிட்டு மூணு சுற்று கீமோ குடுக்கணும். பயப்படாதீங்க, இந்தக் கட்டத்துலயும் பெரும்பாலானவங்க குணமாயிடறாங்க. ஆனா ஏழு மாசத்துக்கு முன்னாடியே வந்திருந்தா, உங்க மாப்பிள்ளை மாதிரி ஆபரேஷனோட முடிஞ்சிருக்கும்."

மச்சான் யார் பேச்சைக் கேட்டு ஏழு மாசம் காத்திருந்தார் என்பது டாக்டருக்குத் தெரியாது. டீச்சருக்குத் தெரியும். வீட்டில் ஒரு கரண்டி கீழே விழுந்தாலே ஊரைக் கூட்டுகிறவள், அன்று திரும்பி வரும் வழியெல்லாம் வாயே திறக்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவனுக்கு இருந்தது.

கீமோ வார்டில் ஒன்பது நாற்காலிகள். ஒவ்வொன்றிலும் ஒருவர், பக்கத்தில் ஒரு கம்பம், கம்பத்தில் மருந்துப் பை. ஒரு சுற்றுக்கு ஐந்து நாள், நாளுக்கு ஐந்தாறு மணி நேரம். டிங்கர் ஒருநாள்கூட விடாமல் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தான். வாந்தி வந்தால் கிண்ணம் பிடித்தான். காதில் ரீங்காரம் கேட்கிறது என்றதும் நர்ஸிடம் ஓடிச் சொன்னான். ரெண்டாம் சுற்றுக்குள் மச்சானின் தலைமுடி மொத்தமும் தலையணையில் இருந்தது. டிங்கர் கண்ணை மூடிக்கொண்டு அந்த மொட்டைத் தலையில் உள்ளங்கையை ஓட்டினான்.

"ஒரு மேடு பள்ளம் இல்ல மச்சான். அப்படியே பெயின்ட் அடிக்கலாம்."

மச்சான் சிரித்துவிட்டார். எதிர் நாற்காலிப் பெரியவரும் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் மச்சான் கேட்டார்.

"அந்த யோசனையை எத்தனை பேருக்குச் சொன்னே?"

டிங்கர் விரல் விட்டு எண்ணினான். ரெண்டு தடவை எண்ணினான்.

"உங்களைச் சேக்காம பதினோரு பேர்."

"போனை எடு."

"வீட்டுக்குப் போய்ப் பேசறேன் மச்சான்."

"இப்பவே எடு."

அவன் போனை எடுத்துக்கொண்டு வராந்தாப் பக்கம் எழுந்தான். மச்சான் ஊசி ஏறாத கையால் அவன் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"இங்கயே பேசு. நானும் கேக்கணும்."

வார்டில் மச்சானைத் தவிர எட்டு நோயாளிகள், அவர்களோடு வந்தவர்கள், ரெண்டு நர்ஸுகள், தரை துடைக்கிற அம்மா. எல்லோரும் வேறு எங்கேயோ பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டு காதை இங்கே வைத்திருந்தார்கள். டிங்கர் சீட் தைக்கிறவரின் நம்பரை அழுத்தினான்.

"அண்ணே, நான்தான் டிங்கர் பேசறேன். வேலையா இருக்கீங்களா? ரெண்டு நிமிஷம். அண்ணே, நான் உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். எனக்கு வந்தது ஹெர்னியா இல்ல. விதையில கேன்சர். ஒரு பக்கத்தை எடுத்துட்டாங்க. ஆமாண்ணே, ஒண்ணுதான் இருக்கு. நல்லாத்தான் இருக்கேன், சீக்கிரம் போனதால பொழச்சேன். அண்ணே, லைன்ல இருக்கீங்களா? உங்களுக்கு வீக்கம் எந்த இடத்துல? கையால காட்டாதீங்க, போன்ல தெரியாது. வாயால சொல்லுங்க."

அந்தப் பக்கம் தையல் மிஷின் ஓடும் சத்தம் நின்றது. பிறகு சீட் தைக்கிறவர் மெல்லச் சொல்ல ஆரம்பித்தார்.

மச்சான் ஊசி ஏறாத கையில் ஒரு விரலை மடக்கினார். இன்னும் பத்துப் பேர் இருந்தார்கள்.